படகு தண்ணீர் குடித்த வாரம்

1

நேற்றுக் காலை எங்கள் படகை மறுபடி ஏரியில் இறக்கினார்கள். குளிர்காலம் முழுக்கக் கரையில் கிடந்த படகுக்கு அடியில் இரண்டு பெரிய வார்ப்பட்டைகளைக் கொடுத்து, கிரேனால் தூக்கி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீரில் விட்டார்கள். கரையோரத்துப் பனிக்கட்டி கரைந்து இப்போதுதான் தண்ணீர் தண்ணீராகத் தெரிகிறது. நான் கம்பளிக் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தேன். போன வருஷம் இதே கிரேனுக்குக் கீழே நின்ற வாரம் நினைவுக்கு வந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு அதை எழுதலாம் என்று தோன்றியது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பில் பிறந்து, கொப்பரைக் களத்தில் வாழ்க்கைப்பட்டு, வாய்க்காலில் முழங்காலுக்கு மேல் இறங்காத ஒருத்தி கனடாவில் படகுக்காரி ஆகிவிட்டாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவள் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி போட்டால் கடைசி இலையைப் பார்த்து உட்காருவேன். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அஞ்சாம் வகுப்பு வரை படித்ததற்கு இந்த ஒரு பலன்.

இங்கே ஏரி என்று சொல்வது நம் ஊர் ஏரி அல்ல. அக்கரை தெரியாது. வெயில் நாளில் அது எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் முறை பார்த்தபோது, "இதுல எந்தக் காலத்துலயாச்சும் தண்ணி வத்துமா? வத்துனா எத்தனை வண்டி கடலைக்காய் போடலாம்!" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்குப் பழனி வாய்விட்டுச் சிரித்தான். பழனிச்சாமி எங்கள் ஒரே மகன். கம்ப்யூட்டர் வேலை.

2

அவருக்கு நெஞ்சு வலி வந்த பிறகுதான் களத்தைக் கொடுத்துவிட்டு நாங்கள் மகனிடம் வந்தோம். நிரந்தரமாக வந்துவிட்டோம் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், ஆனால் அவர் ஜன்னல் ஓரத்து நாற்காலியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் உட்காருகிற மாதிரியே உட்காருவார். முதுகு சாயாது. மருமகள் கீதா காப்பி கொடுத்தால் குடிப்பார். பேத்தி மதுவைக் கூப்பிட்டால் அவள் தன் அறைக்குள் இருந்தே இங்கிலீஷில் ஏதோ சொல்லுவாள். "என்ன சொல்லுது?" என்று என்னைக் கேட்பார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

இப்படி இருக்கும்போதுதான் பழனி ஒரு பழைய படகை வாங்கிவந்தான். அவனைவிட வயதில் மூத்த படகு. முழுக்க மரம். பலகைகளை நெருக்கி அடுக்கி வளைத்துச் செய்தது. மேலே ஓட்டுகிற இடம். இரண்டு படி கீழே இறங்கினால் ஒரு சின்ன அறை, அதில் இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. தலை குனிந்துதான் நடக்கவேண்டும். ஓட்டை ஒடசலாக இருந்தது. பெயின்ட் தோல் உரிந்து தொங்கியது.

"நம்மூரு சந்தையில மாடு வாங்கறவங்க பல்லைப் புடிச்சாவது பாப்பாங்க அத்தை. உங்க மகன் போட்டோவைப் பாத்தே வாங்கிப்போட்டாருங்க," என்றாள் கீதா.

"கறவை மாடு வாங்குனாத்தான் பல்லுப் பாக்கோணும். இது ரேக்ளாக் காளை," என்றான் அவன்.

"ரேக்ளாவா? நொண்டி மாடாட்டத் தெரியுது," என்று சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? நாற்காலியில் இருந்தவர். பேச்சே இல்லாமல் இருந்த மனிதர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "எங்க நிறுத்தியிருக்கறே, காட்டு," என்றார்.

அந்த இலையுதிர் காலம் எங்கள் மூன்று பேருக்கும் நல்ல காலம். அப்பனும் மகனும் சனி ஞாயிறுகளில் பெயின்டைச் சுரண்டினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். என்னிடம் பித்தளைச் சாமான்கள் வந்தன: கயிறு கட்டும் கொம்புகள், ஜன்னல் வளையங்கள், ஒரு மணி. கடையில் விற்கிற தைலத்தைப் பழனி வாங்கிவைத்திருந்தான். நான் புளியைக் கரைத்து, கொஞ்சம் உப்புப் போட்டுத் தேய்த்தேன். அறையின் ஜன்னல்களுக்கு என் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்துத் திரை தைத்தேன். ஊதாவில் சிவப்புக் கரை. வெளிச்சம் அதன் வழியாக உள்ளே வந்தால், அந்தக் குச்சு அறை முழுக்க நாவல்பழ நிறமாகிவிடும்.

பக்கத்தில் தன் படகை நிறுத்தியிருந்த டக்ளஸ் என்கிற வயசான வெள்ளைக்காரர் வந்து எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

படகைப் பதிவு செய்ய ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அப்பா பெயரிலேயே இருக்கட்டும் என்று பழனி சொன்னான். அங்கே இருந்த அம்மாள் நிரந்தர விலாசம் கேட்டதும் இவர் தயங்காமல் எங்கள் களத்து விலாசத்தை, தபாலாபீஸ், பின்கோடு உட்படச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பேனாவைத் தூக்கிக்கொண்டு பழனியைப் பார்த்தாள். "படகு எங்கீங்கப்பா இருக்கும்? அங்கயா?" என்று பழனி மெதுவாகக் கேட்டான். இவர் முகம் சுண்டிவிட்டது. இங்கத்து விலாசத்தைப் பழனிதான் சொன்னான்.

3

குளிர்காலத்தில் இங்கே ஏரி உறைந்துவிடும். அதற்கு முன் படகுகளைக் கரையேற்றி நிறுத்திவிட வேண்டும். பழனியின் சினேகிதர் ஒருவருடைய பண்ணையில் மூடிய கொட்டகை இருந்தது. படகை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

பிறகு நடந்ததற்குக் காரணம் கொப்பரை. நாற்பது வருஷம் எங்கள் பிழைப்பே ஈரத்தோடு சண்டை போடுவதுதான். தேங்காயை உடைத்துக் களத்தில் காயப்போட்டால் ஒரு மேகம் வந்தாலும் ஓடவேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சணம். பூஞ்சணம் வந்தால் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். இவர் கொப்பரை இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்த்தே காய்ந்தது பத்தும், பத்தாது என்று சொல்லிவிடுவார். எங்களுக்குக் காய்ந்தது எல்லாம் நல்லது, நனைந்தது எல்லாம் கெட்டது.

கொட்டகையில் படகின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "மரமெல்லாம் சதசதன்னு இருக்குது. இப்படியே உட்டா உளுத்துப்போயிரும் சாமி," என்றார் மகனிடம்.

"ஹீட்டர் வெக்கலாமுங்களா?"

"வெய்யி. கீழ ஒண்ணு, உள்ள ஒண்ணு."

அவனும் களத்தில் வளர்ந்தவன்தானே. மறுபேச்சுப் பேசாமல் வைத்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, எங்கள் படகு மட்டும் சித்திரை வெயிலில் கிடந்தது. வாரா வாரம் இவர் போய்ப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தை மாதம் தாண்டியதும் சத்தம் மாறிவிட்டது. "கேளு அம்மிணி, ணங்குங்குது! மொதல் தரம்!" என்றார். பலகைகளுக்கு நடுவே சந்து தெரிந்தது. என் விரல் நகம் உள்ளே போனது. "நல்லாக் காஞ்சதுக்கு அதானே அடையாளம்," என்றார். நானும் ஆமாம் என்றேன். கொப்பரை காய்ந்தால் சிரட்டையை விட்டு விலகும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டே பழகியவர்கள் நாங்கள்.

அந்தச் சந்துகளுக்கு மேலே பெயின்ட் அடித்தார்கள். வெள்ளை வெளேரென்று கல்யாண வீடு மாதிரி இருந்தது.

4

போன வருஷம் பனி விட்டதும் கிரேனால் ஏரியில் இறக்கிய கொஞ்ச நேரத்துக்குள் படகுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு ஓட்டை வழியாக வந்திருந்தால் அடைத்திருக்கலாம். எல்லாச் சந்திலும் வந்தது, அரிசி களைகிற சல்லடையில் வருகிற மாதிரி. அடியில் ஊறுகிற நீரை வெளியே தள்ள ஒரு சின்ன மோட்டார் உண்டு. அது மூச்சு முட்ட ஓடியும் பத்தவில்லை. டக்ளஸ் தன்னுடைய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கிரேன்காரர் வார்ப்பட்டைகளை அவிழ்க்காமல், படகைப் பாதி தாங்கியபடியே தண்ணீரில் தொங்கவிட்டார். மூழ்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை.

இப்படியே வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்திருக்கலாம், அதற்கப்புறம் கிரேன் மற்றப் படகுகளுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் தண்ணீர் நிற்காவிட்டால் மேலே எடுத்துவிட வேண்டும். இந்த வயசுப் படகை ரிப்பேர் செய்வதற்குப் பதில் உடைத்துப் போடுவதே மேல் என்றும் ஒருவர் சொன்னார்.

ஹீட்டர் வைத்ததைக் கேள்விப்பட்டு டக்ளஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். மரப் படகைக் காய விடவே கூடாதாம்.

காரில் வரும்போது பழனி, "உங்களுக்குத் தெரியாததுல ஏனுங்கப்பா கை வெக்கறீங்க?" என்று கேட்டுவிட்டான். அவன் குரல் உயரவில்லை. அதுதான் மோசம். இவர் வீட்டுக்கு வந்து, அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கி, வேட்டிகளை மடித்து அடுக்கினார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"ஊருக்குப் போறேன். எனக்கு இங்க ஒண்ணுந்தெரியாது. எதுக்கு நானு?"

"அங்க எங்க போயி இருப்பீங்க? களமும் இல்லை, ஊடும் இல்லை."

"என்ற பங்காளி ஊட்டுல ஒரு ரூம்பு குடுக்காமயா போயிருவான்?"

வேளைக்கு மருந்து தவறக்கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர். பங்காளி வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை. அவர் போனால் நானும் போவேன், அதில் பேச்சில்லை. ஆனால் இப்படி மகனோடு பேசாமல் விமானம் ஏறினால் அது ஊருக்குத் திரும்புவது ஆகாது. ஒரு பழைய படகு வெள்ளிக்கிழமைக்குள் மிதக்கிறதா என்பதில் என் வீட்டுக்காரருடைய மீதி ஆயுசு தொங்கிக்கொண்டிருந்தது.

5

பகலில் யாராவது படகில் இருந்து மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். இரவில் பழனி போய்ப் படுத்துக்கொண்டான். பகலில் அவனுக்கும் கீதாவுக்கும் வேலை. மதுவுக்குப் பள்ளிக்கூடம். இவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நான் இருந்தேன்.

கீதா காரில் கொண்டுவந்து விட்டுப் போவாள். "பயமா இருந்தா அந்த மணியை அடிங்க அத்தை. டக்ளஸ் வந்துருவாரு," என்பாள். தண்ணீரைவிட டக்ளஸ் வந்துவிட்டால் என்ன பேசுவது என்பதுதான் எனக்குப் பயம்.

படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொள்வேன். படகு லேசாக ஆடும். ஊதா வெளிச்சம் சுவரில் நெளியும். மோட்டார் ஓடும், நிற்கும், ஓடும். ஊரில் மும்முனைக் கரண்ட் வந்தால் கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். சத்தம் மாறினால் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கையில் கரண்டியோடு காதை அங்கேயே வைத்திருப்பேன். இங்கேயும் அப்படியே காதை வைத்திருந்தேன். கண் செருகும். எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் விட்ட அன்று முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தோப்புக்குள் நுழையுமே, அந்தச் சலசலப்பு பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கும். விழித்துப் பார்த்தால் ஏரி. மறுபடி கண்ணை மூடினால் வாய்க்கால். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகையில் கிடந்தேன்.

இரண்டாம் நாள் டக்ளஸ் வந்தேவிட்டார். கையில் இரண்டு காப்பி. நான் எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தார். ஏதேதோ சொன்னார். எனக்கு ஏறவில்லை. பிறகு பலகையைத் தட்டி, "டிரிங்க்," என்றார். தன் பத்து விரல்களையும் இடைவெளி விட்டுக் கோத்துக் காட்டினார். மெதுவாக, மிக மெதுவாக விரல்களை நெருக்கினார். இடைவெளி மறைந்தது. மறுபடி, "டிரிங்க்," என்றார்.

எனக்குச் சக்கரம் ஞாபகம் வந்தது. கோடையில் மாட்டு வண்டிச் சக்கரம் காய்ந்து சுருங்கி, இரும்புப் பட்டா தளர்ந்து லொடலொடவென்று ஆடும். என் அப்பா சக்கரத்தைக் கழற்றி வாய்க்காலில் உருட்டிவிடுவார். மரம் தண்ணீர் குடித்து ஊதி, பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் நனைவதால் நல்லதான ஒரே சாமான் அதுதான். அதைக் கொட்டகையில் மூன்று பேருமே மறந்துபோயிருந்தோம்.

நான் டக்ளஸைப் பார்த்துத் தலையாட்டினேன். காப்பியை வாங்கிக்கொண்டேன். சர்க்கரையே இல்லை, குடித்துவிட்டேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன்: "மாமா, வண்டிச் சக்கரத்தை வாய்க்கால்ல போடுவோமல்லங்க. அதே நாயந்தானுங்க இதுவும்."

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "சக்கரத்தை இறுக்கிப் புடிக்கப் பட்டா இருக்குது. இதை எது புடிக்குது?"

 அடுத்த நாளும் போனேன்.

மோட்டார் ஓடுகிற நேரம் குறைய ஆரம்பித்தது. முன்பு நின்றால் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதற்குள் மறுபடி ஓடியது. இப்போது திரையில் இருந்த கிழிசலை நான் தைத்து முடிக்கிற வரைக்கும் ஓடவில்லை. படகு குடித்துக்கொண்டிருந்தது. காது வைத்தால் பலகைகள் எப்போதாவது முறுக்கென்று முனகும், பிள்ளைத்தாய்ச்சி புரண்டு படுக்கிற மாதிரி.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு மது வந்தாள். எதிர்ப் படுக்கையில் விழுந்து காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காதைக் கழற்றி, "அப்பத்தா, இங்க என்ன பண்றீங்க? போர் அடிக்கலையா?" என்றாள். தமிழிலேயே கேட்டாள்.

"மோட்டாருக்குக் காது குடுத்துட்டு இருக்கறேன் கண்ணு."

"அது ஓடவே இல்லையே."

"அதைத்தான் கேட்டுட்டு இருக்கறேன்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு இரண்டாவது காதையும் கழற்றினாள். இரண்டு பேரும் ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம். அவள் தூங்கிவிட்டாள். படகு ஆடும்போது அவள் தலையும் என் தலையும் ஒரே பக்கம் சாய்ந்தன.

6

வெள்ளிக்கிழமை காலை வார்ப்பட்டைகளைத் தளர்த்தினார்கள். படகு ஒரு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து, தன் பாட்டுக்கு நின்றது.  கிரேன்காரர் உள்ளே எட்டிப் பார்த்து டக்ளஸிடம் ஏதோ சொன்னார். டக்ளஸ் என்னிடம் கட்டைவிரலைக் காட்டினார். நானும் காட்டினேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ.

ஆனால் வீட்டில் படுத்திருப்பவரிடம் போய்ப் படகு மிதக்கிறது என்றால், "மிதந்தா மிதக்கட்டும்," என்பார். அவரை எனக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு வீட்டில் உலை வைக்காமலே வந்திருந்தேன். அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், எண்ணெய் எல்லாம் பையில் இருந்தது. படகு அடுப்பைப் பற்றவைத்து அரிசியும் பருப்புமாகச் சோறு ஆக்கினேன். தாளிக்கிற வாசம் படகுத்துறை முழுக்க அடித்திருக்க வேண்டும். நாலு வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மத்தியானம் அரை நாள் லீவில் வந்த கீதாவிடம், "உன்ற மாமன்கிட்டச் சொல்லு, சோறு படகுலதான் இருக்குது, பசிச்சா வரச்சொல்லு," என்றேன்.

வந்தார். கீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "கட்டுன புருசனுக்குச் சோறு போட ஏரி வரைக்கும் இழுக்கறாளே, இவளுக்குக் கொழுப்பப் பாரு," என்று முனகிக்கொண்டே படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். தட்டில் போட்டு நெய் விட்டேன். பாதிச் சோற்றில் கை நின்றது. காதைச் சாய்த்தார்.

"மோட்டாரு ஏன் ஓடலை? கரண்ட் போயிருச்சா?"

"கரண்ட் இருக்குதுங்க."

"பொறவு?"

"தண்ணிதானுங்க இல்லை."

நம் ஊரில் எந்தக் குடியானவன் வீட்டிலும் இந்தப் பதிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இவர் தட்டைக் கீழே வைத்தார். கையைக்கூடக் கழுவாமல் இடது கையால் தரைப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே பார்த்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். கீதா என்னைப் பார்த்தாள். பேசாதே என்று கண் காட்டினேன்.

அந்த நேரம் பழனி வந்துவிட்டான். படியில் நின்று, அப்பனுடைய முதுகைப் பார்த்தான். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"சாப்புட்டீங்களாப்பா?"

"சாப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்." பலகையை மூடினார். "உங்கம்மா உப்பைக் கொறைச்சுப்போட்டா."

"எனக்கும் ஒரு தட்டுப் போடுங்கம்மா."

சாப்பிட்டு முடித்ததும் இவர், யாரிடமும் சொல்லாத மாதிரி, "ஒரு சுத்துப் போனா என்னவாம்," என்றார். பழனி இன்ஜினை முடுக்கினான். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. டக்ளஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கரை பின்னால் போயிற்று. வெயில் தண்ணீரில் பொடிப்பொடியாக விழுந்துகிடந்தது. சத்தமில்லாமல் எல்லாம் தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது: படகுத்துறை, கிரேன், மரங்கள், கார்கள். இவர் மகனுக்குப் பக்கத்தில் நின்றார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முதுகுகளும் ஒரே மாதிரிக் கூன் போட்டிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏரி நடுவில் பழனி இன்ஜினை அணைத்தான். அவர் அக்கரை இல்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"வார குளுருக்கு இதை எங்க நிறுத்தறது?"

பழனி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். 

"அதுக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்குதுங்களேப்பா."

"இருக்கட்டும். மூடுன கொட்டாய் வேண்டாம். கூரை மட்டும் போட்ட எடமாப் பாரு. காத்து ஈரத்தோட வரோணும். நானும் கூட வந்து பாக்கறேன்."

"சரிங்கப்பா, விசாரிக்கறனுங்க."

"நாளைக்கே விசாரி," என்றார்.